சக்திமானுக்குப் பின் எதைச் சுவைப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சங்க மேடையில் சிலம்பும் குறளும் முழங்குவதே வழக்கம். நாமோ சக்திமானைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

1997 செப்டம்பர் முதல் 2005 மார்ச்சு வரை தூர்தர்ஷனில் ஓடிய தொடர் அது. முன்னர்ப் பாரதத் தொடரில் பீஷ்மராக வீற்றிருந்த முகேஷ் கன்னா, மார்பில் பொற்கதிர் பொறித்த ஆடையுடன் பம்பரமாய்ச் சுழன்று வானேறுவார். மறுகணம் பெரிய கண்ணாடியும் துருத்திய பல்லுமாகக் கங்காதரன் என்னும் அசட்டுப் புகைப்படக்காரராக நிற்பார். தந்திரக் காட்சிகள் எளியவை; பகைவரின் வீறாப்போ வானளாவியது. பல மொழியாளர் கூடி வாழும் இத்தீவுகளில் பொதுமொழியாக நிற்பது இந்தி. ஆதலின் நம் பிள்ளைகள் அதை இந்தியிலேயே கேட்டு வளர்ந்தனர். அன்றைய சிறுவர் இன்று பெற்றோர். தாம் கண்டதைத் தம் மக்களுக்கும் காட்டி மகிழ்கின்றனர். முடிந்ததும் குழந்தை கேட்கிறது: "அடுத்து என்ன?" அவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வுரை.

முதலில் ஒன்று சொல்ல விரும்புகிறோம். மிகையான வீரத்தைக் கண்டு சிரித்து மகிழ்வது இழிவன்று. நம் தெருக்கூத்தில் உயர்ந்த கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்த மன்னன், தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு சுழன்றாடுகிறான். பக்கத்திலேயே கட்டியங்காரன் நின்று அவனைக் கேலி செய்கிறான். அவையோர் மன்னனை வியக்கவும் செய்கின்றனர். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கின்றனர். அமெரிக்காவில் 1966 முதல் 1968 வரை ஓடிய 'பேட்மேன்' தொடரிலும் இதே சுவைதான். அடி விழும் ஓசை எழுத்தாகவே திரையில் பாயும். ஆடம் வெஸ்ட் முகத்தில் சிரிப்பின் நிழலும் விழாது. பார்ப்பவர் வயிறுதான் குலுங்கும்.

ஆயின் குழந்தை சிரிப்பதில்லை, நம்பிவிடுகிறது. சக்திமான் வந்து காப்பார் என்றெண்ணிச் சிறுவர் சிலர் தீங்கு தேடிக்கொண்டதாக அந்நாளில் செய்திகள் வந்தன. அவ்வாறு செய்யலாகாதென்று அவரே திரையில் தோன்றி எடுத்துரைக்க நேர்ந்தது.

அத்தொடர் முடியச் சில திங்களே இருந்தபோது, 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் இத்தீவுகளின் நிலம் நடுங்கிற்று. கடல் ஊருக்குள் புகுந்தது. வானிலிருந்து சுழன்று இறங்கி எவரும் வரவில்லை. சிற்றந்தமானின் ஒங்கி மக்கள் கடலின் குறியறிந்து மேட்டுநிலம் ஏறிப் பிழைத்தனர். அவர்களைக் காத்தது வழிவழியாக வந்த அறிவு. அதைக் கற்பித்தவர் அவர்தம் முன்னோர்.

ஆதலின் சக்திமானுக்குப் பின் குழந்தைக்குத் தரவேண்டியது இன்னும் வலிய ஒரு வீரனை அன்று. அதனினும் சற்று மிகுதியாகச் சிந்திக்க வைக்கும் கதையை என்பது நம் துணிபு. சிரிப்பும் குறையலாகாது. அத்தகைய நான்கினைச் சொல்கிறோம்.

முதலாவது, 1957-இல் வெளிவந்த 'மாயா பஜார்' திரைப்படம். பீமன் மகன் கடோற்கசனாக எஸ். வி. ரங்காராவ் தோன்றி நகைக்கும் நகைப்புக்கு ஈடுண்டோ! கணிப்பொறி இல்லாத காலத்தில் மார்க்கஸ் பார்ட்லியின் படக்கருவி செய்த மாயங்கள் இன்றும் வியக்கத்தக்கவை. கடோற்கசன் மணப்பெண் வத்சலையின் உருவெடுத்து வந்து கௌரவரைப் படாதபாடு படுத்துகிறான். பெண்ணுருவில் அரக்கனின் மிடுக்கைச் சாவித்திரி காட்டும் நடிப்பைக் கண்டால் மூன்று தலைமுறையும் ஒருங்கே சிரிக்கும். அங்கே ஆற்றல் போருக்குப் பயன்படவில்லை. விரும்பிய இருவரை இணைக்கப் பயன்படுகிறது.

இரண்டாவது, விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள். மாயா பஜாரைத் தயாரித்த நாகிரெட்டியும் சக்கரபாணியுமே 1947 சூலையில் 'அம்புலிமாமா'வைத் தொடங்கியவர்கள். அவ்விதழ் இன்று வருவதில்லை. ஆயினும் வாளேந்திய கையும் தோளில் பிணமுமாக மன்னன் நடக்கும் ஓவியத்தை, ஓவியர் சங்கர் வரைந்ததை, மறந்தவர் யார்? சக்திமான் ஒவ்வொரு கதையின் முடிவிலும் அறிவுரை சொல்வார், குழந்தை தலையசைக்கும். வேதாளமோ கதை முடிவில் வினாத் தொடுக்கும். விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை சுக்குநூறாகும். விடை சொன்னால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இங்கே கேட்பவனும் மன்னனோடு சேர்ந்து விடை தேட வேண்டியவனாகிறான். தாய்மார்களே, இரவில் கதையைப் படித்து, வினா வந்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். குழந்தை தமிழில் வாதாடத் தொடங்கும்.

மூன்றாவது, சிவகாசிச் சித்திரக்கதைகள். 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஸ்பைடரைக் கொணர்ந்தது. தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் அக்குற்றச் சக்கரவர்த்தியின் கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல். இந்தியில் பேசி விளையாடும் சிறுவனைத் தமிழ் எழுத்தின்பால் இழுக்க இதனினும் எளிய தூண்டில் இல்லை.

நான்காவது, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, 2021-இல் வந்த 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படம், தமிழிலும் கேட்கலாம். மின்னல் தாக்கிச் சிற்றூர்த் தையற்காரன் ஒருவன் ஆற்றல் பெறுகிறான். அதே நாளில் இன்னொருவனும் பெறுகிறான். அவன் ஊரார் ஒதுக்கி வைத்த ஏழை. இவனாக நடித்தவர் கூத்துப்பட்டறையில் பயின்ற தமிழர் குரு சோமசுந்தரம். ஒரே மின்னல் ஒருவனைக் காவலனாகவும் மற்றவனைக் கொடியவனாகவும் ஆக்கியது ஏன்? படம் முடிந்தபின் வீட்டில் பேச வேண்டிய வினா அது. அன்பு மறுக்கப்பட்டவனை ஊரே பகைவனாக்கிக்கொள்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் நம் பிள்ளைகள் விக்கிரமாதித்தனும் வேதாளமுமாக ஆடட்டும். அட்டைக் கிரீடம் போதும், கட்டியங்காரனும் வரட்டும். வேதாளத்தின் வினாவை அவையோரை நோக்கிக் கேட்கட்டும். விடை சொல்ல வேண்டியவர்கள் பெரியோர்களாகிய நீங்கள். அன்று தலை வெடிக்காமல் காத்துக்கொள்ள இன்றே கதைகளைப் படிக்கத் தொடங்குவோமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!