ஓடாத படத்தைப் பற்றி ஒரு பேச்சு
(தாம்பரத்தில் தொழிலாளர் மத்தியில் பேசியது)

தோழர்களே!

கூலிப் பிரச்சினை தலைக்கு மேல் இருக்கும்போது சினிமாப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் பேச வந்திருக்கும் படத்திலும் கூலிப் பிரச்சினைதான் இருக்கிறது. பொறுத்துக் கேளுங்கள்.

2003 பொங்கலுக்கு "அன்பே சிவம்" வந்தது. கமல்ஹாசன் கதை எழுதி நடித்தார், சுந்தர் சி. இயக்கினார், மதன் வசனம் எழுதினார். விபத்தில் முகமெல்லாம் தழும்பேறி, காலைத் தாங்கி நடக்கும் கம்யூனிஸ்ட் நல்லசிவம் ஒருவன். விளம்பரப் படம் எடுக்கும் இளைஞன் அன்பரசாக மாதவன். மழை வெள்ளத்தில் விமானம் நின்றுபோக, புவனேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு இருவரும் அடித்துப் பிடித்துச் சேர்ந்து வருகிறார்கள். இதற்குள்ளே வீதி நாடகமும், கூலியை உயர்த்த மறுக்கும் முதலாளியும் வருகிறார்கள்.

படம் ஓடவில்லை. போட்ட பணம் திரும்பவில்லை. அதே பொங்கலுக்கு வந்த "தூள்" கொட்டகைகளை நிரப்பியது.

ஜனங்களுக்கு ரசனை போதாது என்று சொல்லிவிடுவது சுலபம். அதை நாம் ஒப்பமாட்டோம். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் இருக்கிற தொழிலாளி எப்போது சினிமாவுக்குப் போகிறான்? சம்பளம் வாங்கிய வாரத்தில். பொங்கலுக்குக் கையில் இருந்தது புதுத் துணிக்கும் வெல்லத்துக்கும் போய்விடும். மறுபடி கையில் காசு வருவதற்குள், கூட்டமில்லை என்று படத்தைத் தூக்கிவிடுவார்கள். அறுப்புக் கூலியை எதிர்பார்த்திருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதே கதிதான்.

ஒளிக்காமல் ஒன்று சொல்கிறோம். நாங்களும் போகவில்லை. நம்மவனைப் பற்றிய படமாம் என்று கேள்விப்பட்டும், அடுத்த வாரம் பார்ப்போம் என்றே இருந்தோம். அடுத்த வாரம் சுவரில் வேறு போஸ்டர்!

பிறகு டெலிவிஷனில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். டிக்கெட் இல்லை, கடைசி ரயிலுக்கு ஓட வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவன் ஒருநாள் பாதி, இன்னொருநாள் மீதி என்று பார்த்தான். 2003-ல் பிறந்தேயிராத பிள்ளைகள் இன்று அதன் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

இது புதிதல்ல. 1954-ல் "அந்த நாள்" பாட்டில்லாமல் வந்தது, முதலில் ஓடவில்லை. அரசாங்க விருது கிடைத்தபின் மறுபடி வெளியிட்டார்கள். ஏ.வி.எம். கம்பெனிக்கு அந்தச் சக்தி இருந்தது. 1960-ல் முற்போக்குக் கலைஞர்கள் சேர்ந்து எடுத்த "பாதை தெரியுது பார்" படத்துக்கு அந்தச் சக்தி ஏது? நிமாய் கோஷ் இயக்கி, எம்.பி. சீனிவாசன் இசையமைத்த படம். தொழிலாளர் வாழ்வைச் சொன்ன படம். ஜெயகாந்தன் எழுதிய பாட்டு இன்னும் காதில் ஒலிக்கிறது. படத்தைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? இந்த நஷ்டம் பணம் போட்டவனுக்கு மட்டுமா?

"அன்பே சிவ"த்திடம் எங்களுக்கு ஒரு சண்டையும் உண்டு. கடைசியில் கூலி உயர்வு எப்படி வருகிறது? காதலியின் கல்யாணத்தைக் குலைக்காமல் விலகிப்போகிறேன் என்று சொல்லி, முதலாளியிடம் கையெழுத்து வாங்குகிறான் நல்லசிவம். அத்தனை தொழிலாளரும் அப்போது எங்கே போனார்கள்? வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவன் காதலைத் துறந்து உங்களுக்குப் பஞ்சப்படி வந்ததுண்டா?

அந்த இடத்தில் கண்ணீர் விட்ட தோழர்களும் இங்கே இருக்கிறார்கள். எங்களோடு மல்லுக்கு நிற்கத் தயாராகவும் இருக்கிறார்கள். மைக்கை அவர்களிடம் கொடுக்கிறோம்.