வயிற்றுப் பெருநாடிக்கு ஸ்ரென்ற் வைத்தவர்கள் கவனத்துக்கு

(ஹோர்சன்ஸில், புதிதாக வந்தவர்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டொக்டர் இல்லை. ஊரில் படிப்பித்தனான், இங்கே தொண்டராக உங்கட அலுவல்களைப் பார்க்கிறன். விளங்காவிட்டால் கையை உயர்த்துங்கோ, வாத்திமாருக்கு அது பழக்கம்தான்.

எழுபது தாண்டிய ஒரு ஐயா. சென்னையில் இருந்தபோது வயிற்றுப் பெருநாடி வீங்கி, தொடை மடிப்பு வழியாக ஸ்ரென்ற் வைத்தவை. இங்கே வந்து முகாமில் நேர்ஸ் கேட்டபோது "ஒரு வருத்தமும் இல்லை" என்று சொல்லிப்போட்டார். வருத்தக்காரன் எண்டால் கேசை மறுத்துப்போடுவினம் எண்ட பயம். ஒரு வருசம் கழித்து என்னிடம் வேறொரு கடிதத்தை வாசிப்பிக்க வந்தபோதுதான் பேச்சுவாக்கில் வெளியில் வந்தது. ஸ்கான் செய்தால், ஸ்ரென்ற்றின் ஓரத்தால் இரத்தம் கசிந்து வீக்கம் பெருத்திருக்கிறது. ஐயாவுக்கு ஒரு நோவும் இல்லை!

இதயத்தில் வைக்கிற ஸ்ரென்ற் வேறு, இது வேறு. இது துணி மூடிய கம்பிவலைக் குழாய். பெருநாடி சாதாரணமாக இரண்டு சென்ரிமீற்றர் அகலம். மூன்றைத் தாண்டினால் வீக்கம் என்பார்கள். ஆண்களுக்கு ஐந்தரை அளவில் சிகிச்சையை யோசிப்பார்கள், ஏனெண்டால் வெடித்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. வயதான ஆண்களுக்கும் புகைப்பவர்களுக்கும்தான் இது கூடுதலாக வரும். ஹோர்சன்ஸ் அடங்கிய எங்கட பிராந்தியத்திலேயே 2008 முதல் 2011 வரை, 65 முதல் 74 வயதுவரையான 50,000 ஆண்கள் மட்டில் ஒரு ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அதில் பாதிப்பேரைச் சோதனைக்கு அழைத்தார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் இந்த வீக்கம் இருந்தது.

புவனஸ் அயர்ஸில் டொக்டர் பரோடி 1990இல் இந்த முறையைச் செய்தபோது, வயிற்றைத் திறக்காமல் முடியுதே என்று உலகமே சந்தோசப்பட்டது. அது நியாயம்தான். பிரித்தானியாவில் 1999 முதல் 2004 வரை 1,252 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வில், முதல் முப்பது நாளில் இறந்தவர்கள் வயிறு திறந்த பக்கத்தில் நூற்றுக்கு 4.3, ஸ்ரென்ற் பக்கத்தில் 1.8. ஆனால் பதினைந்து வருசம் பார்த்து 2016இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது. எட்டு வருசத்துக்குப் பிறகு ஸ்ரென்ற் வைத்தவர்கள்தான் கூடுதலாக இறந்தார்கள். வீக்கம் திரும்ப வெடித்தது ஒரு முக்கிய காரணம். அவை பழைய ஸ்ரென்ற்றுகள், இப்போது வருபவை திருத்தப்பட்டவை. எண்டாலும் கசிவதும் இடம் நகர்வதும் முற்றாக நிற்கவில்லை. கசிவை நேரத்துக்குக் கண்டால் பெரும்பாலும் திரும்பவும் குழாய் வழியாகவே அடைக்கலாம்.

அதனால்தான் வாழ்நாள் முழுக்க ஸ்கான். சிலருக்கு வருசத்துக்கு ஒருக்கா, சிலருக்கு இடைவெளி கூட. அதை டொக்டர் தீர்மானிப்பார். எங்கட பிரச்சினை என்னவென்றால், நாடு மாறி, முகாம் மாறி, கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விடும். கடிதத்தில் "கொன்ரோல்" என்று இருப்பதைப் பார்த்துப் பொலிஸ் விசாரணை என்று பயந்து ஒளித்துவைத்தவரும் இருக்கிறார். அது மறுபரிசோதனை, அவ்வளவுதான்.

ஆகவே முகாம் நேர்ஸிடம் முதல்நாளே சொல்லுங்கோ. வருத்தம் இருக்கு என்பதற்காக அகதிக் கோரிக்கையை மறுப்பதில்லை. மருத்துவ ஆட்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். தஞ்சம் கோரி இருக்கும் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அவசரமான, தவிர்க்கமுடியாத, வலி குறைக்கிற சிகிச்சை கிடைக்கும். அதற்கு மேலே போகிற சிலதுக்குக் குடிவரவுத் திணைக்களத்திடம் அனுமதி கேட்டு எழுதவேணும். அதற்கு ஸ்ரென்ற் அட்டை, சிடி, பழைய அறிக்கை எல்லாம் உதவும். ஐயாவின் சிடி பெட்டியின் அடியில் வேட்டிக்குள் சுத்திக் கிடந்தது! மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று முன்கூட்டியே கேளுங்கோ. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசவிடாதேங்கோ.

திடீரென்று வயிற்றில் அல்லது முதுகில் கடும் நோ, மயக்கம், குளிர் வியர்வை வந்தால் யாரையும் கேட்கவேண்டாம், 112க்கு அடியுங்கோ. ஸ்ரென்ற் இருக்கு எண்டதையும் சொல்லுங்கோ. கால் திடீரெனக் குளிர்ந்து வலித்தாலும் அப்படித்தான்.

ஐயாவை ஓர்ஹூஸுக்கு அனுப்பிக் கசிவை அடைத்துவிட்டார்கள். புகைப்பதைத்தான் இன்னும் விடவில்லை, அதுக்கும் அவரோட சண்டை பிடிக்கிறன்.

கூட்டம் முடிய நான் பின்மேசையில் இருப்பன். அட்டையோ அறிக்கையோ வைத்திருப்பவர்கள் கொண்டு வாங்கோ, சேர்ந்து பார்ப்பம்.