காய்ச்சலுக்குக் கூலி: ஆலங்குளத்துப் பெண்களும் 78 நாள் கணக்கும்

முன்வரிசையில் இருக்கும் சிலருக்கு நான் எதைப் பேசப் போகிறேன் என்பது தெரியும். கருத்தரங்குகளில் பத்து நிமிடத்தில் மணி அடித்து உட்கார வைத்தார்கள். இன்று இந்த நினைவுப் பொழிவுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். விடுவதாக இல்லை.

வழக்கு என்ன?

உழைக்கும் பெண்ணின் பொருளாதாரப் பாதுகாப்பு எதில் இருக்கிறது? என் நண்பர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் பதில், மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரியில் தொடங்கி, பின்னர் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவிய அந்த முயற்சியின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. அவசரம் வந்தால் குழுவில் கடன். பெரிய நோய் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்றால் 2021இலிருந்து வீட்டு வாசலுக்கே மாத்திரை. இதற்கு மேல் நோய்விடுப்பு, விடுப்புக் கூலி என்று பேசுவது அரசு ஊழியரின் வசதியைத் தினக்கூலிக்காரியின் தலையில் கட்டுவது என்பது அவர்கள் வாதம்.

என் வாதம் சிறியது. கடன் கூலி ஆகாது. சிகிச்சையும் கூலி ஆகாது. மருத்துவர் காசு வாங்காமல் பார்த்து, மாத்திரையும் கொடுத்து, "பத்து நாள் வேலைக்குப் போகாதேம்மா" என்கிறார். அந்தப் பத்து நாள் கூலியை யார் கொடுப்பது? நாம் பெருமைப்படும் திட்டங்களில் எதுவும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வருவதில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் திருமணத்துக்குத் தருகின்றன, படிப்புக்குத் தருகின்றன, மரணத்துக்குத் தருகின்றன, மூக்குக் கண்ணாடிக்கும் தருகின்றன. காய்ச்சலில் போன கூலிக்கு இல்லை.

ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் படுத்தால் 4,000 போயிற்று. குழுவில் 4,000 கடன் வாங்கினால், எழுந்து வேலைக்குப் போகும் நாளில் அந்தப் பெண் கடனாளி. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது இஎஸ்ஐயில், தகுதி பெற்றவர் என்றால் கூலியில் 70 விழுக்காடு, நாளைக்கு 280 வீதம் வரும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் கழித்து எட்டு நாளைக்கு 2,240 ரூபாய். குறைவுதான். ஆனால் அது அவருடைய பணம். ஆண்டுக்கு 91 நாள் வரை இந்த உரிமை இருக்கிறது; அதன் வேர் 1948ஆம் ஆண்டுச் சட்டம். சட்டமே இல்லாதது போலப் பேசும் நண்பர்களிடம்தான் எனக்குக் கோபம்.

ஆலங்குளம்

தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தைச் சொல்லவில்லை. அது பீடி ஊர். அங்கே வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று 1966ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. வருங்கால வைப்பு நிதிக்கும் அவர் உரியவரே என்று உச்ச நீதிமன்றம் 1980களில் முடித்துவைத்தது. நான் பேசுவது நம் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், சிமெண்ட் ஆலங்குளம். 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. அந்த வாசலுக்குள் நிரந்தர வேலையில் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; அவர்களுக்கு விடுப்பு விதி, மருத்துவ விடுப்பு எல்லாம் உண்டு. அதே ஊரிலும் சுற்றியுள்ள மானாவாரிக் கிராமங்களிலும் விடிகாலையில் கம்பெனி வண்டிக்கு நிற்பவர்கள் பெண்கள். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும். ராஜபாளையம் பக்கம் நூற்பாலைக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கும். (ஊரார் புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி செய்யும் வட்டாரம் இது, நெய்கிறவர் கையில் புண் வந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.)

இந்தப் பெண்களின் ஆண்டு இரண்டாக உடைந்தது. ஐப்பசி மழை விழுந்தால் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் களையெடுக்க ஆள் வேண்டும். காடு காய்ந்தால் கம்பெனி. பட்டாசில் சீசனுக்கு மட்டும் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனி ஆடியில் ஏறித் தீபாவளியோடு இறங்குகிறவர்கள். இவர்களை வைத்துத்தான் என் கணக்கு.

78

இஎஸ்ஐ ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதல் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா போயிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலப் பணம் கேட்கலாம். இரண்டாவதில் 78 இருந்தால், ஜூலை முதல் டிசம்பர் வரை. 77 என்றால் கிடையாது.

எங்கிருந்து வந்தது இந்த 78? ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 156. அதில் பாதி 78. ஆறு மாதத்தில் பாதி நாளாவது வேலை செய் என்கிறது சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு? பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944இல் கொடுத்த அறிக்கை நெசவு, பொறியியல், கனிமம் மற்றும் உலோகம் ஆகிய தொழில்களில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆலைகளுக்கானது. 1952 பிப்ரவரி 24இல் நேரு கான்பூரில் தொடங்கிவைத்தபோதும் அங்கே சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வரும் மில் தொழிலாளிதான் இருந்தார். அவருக்கு 78 ஒரு பொருட்டில்லை. கூலி நாளெல்லாம் சேர்ந்தால் 150ஐத் தொடும். பருத்தி ஜின்னிங், நிலக்கடலை உடைப்பு போன்ற பருவகாலத் தொழிற்சாலைகளைச் சட்டம் வெளிப்படையாகவே தள்ளிவைத்தது. பட்டாசையும் தீப்பெட்டியையும் தள்ளவில்லை. 2010 திருத்தத்துக்குப் பிறகு மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை. ஆகவே நம் பெண் சட்டத்துக்குள் இருக்கிறார். அவருடைய ஆண்டு மட்டும் வெளியே இருக்கிறது.

போன வருஷமும் சீசனுக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். (முதன்முதலாகச் சேர்கிறவரிடம் சட்டம் கொஞ்சம் இரங்குகிறது: மிச்சமிருக்கும் நாளில் பாதி போதும் என்கிறது. திரும்பி வருகிறவரிடம் அந்த இரக்கம் இல்லை.) ஜூலை முதல் தேதி வண்டி ஏறுகிறார். ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மொத்தம் 92 நாள். அதில் ஞாயிற்றுக்கிழமை 13. சில ஆண்டுகளில் 14. மிச்சம் 79, அல்லது 78. ஆகஸ்டு 15 கூலியோடு விடுமுறை என்பதால் அதுவும் கணக்கில் சேரும், எழுதினால். ஒரு நாளும் தவறாமல் போனால் தகுதி கிடைக்கும். நாத்தனார் வீட்டு விசேஷம், பிள்ளைக்கு வாந்திபேதி, வண்டி வராத நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவருக்குள்ள சலுகை ஒரு நாள். 14 ஞாயிறு விழுந்த ஆண்டில் அதுவும் இல்லை. ஆகஸ்டில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் எண்ணிக்கை 77. அந்தக் காய்ச்சலுக்கும் பணம் கிடையாது, முதல் இரண்டு நாள் தள்ளுபடி. அந்தக் காய்ச்சலால் அடுத்த ஆண்டு வரப்போகும் நோய்க்கும் பணம் கிடையாது. நோய்க்காலக் கூலி பெறுவதற்குத் தகுதி, நோயே வராமல் இருப்பது!

இன்னும் முடியவில்லை. அக்டோபர் முதல் தேதி கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குகிறது. தீபாவளி அக்டோபர் கடைசியில் வந்தால் இன்னொரு 26 நாள் வேலை. 77ம் 26ம் 103. நூற்று மூன்று நாள் உழைத்திருக்கிறார். நாளைக்கு 400 என்றால் 41,200 ரூபாய் கூலி. அவர் பங்காக 0.75 விழுக்காடு, 309 ரூபாய், பிடித்தாகிவிட்டது. முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, 1,339. ஆக 1,648 ரூபாய் போய்ச் சேர்ந்திருக்கிறது. மருந்தகத்துக் கவனிப்பு வேறு விஷயம். நான் கூலியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது சுழியம். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் 78 நாள் மட்டும் செய்துவிட்டு நின்றுபோன பெண்ணுக்கு உரிமை உண்டு. 103 நாள் செய்தவருக்கு இல்லை.

இது நேர்மையான முதலாளியின் கணக்கு. தீப்பெட்டியில் கட்டை அடுக்குகிறவருக்கும் பட்டாசில் குரோஸ் கணக்கில் வேலை செய்கிறவருக்கும் நாள் என்பதே ஏட்டில் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அவர் வாங்குவது எண்ணிக்கைக் கூலி. ஆறு நாள் உட்கார்ந்து செய்த வேலையை நான்கு நாளாக எழுதினால் கூலி குறையாது. சனிக்கிழமை கையில் வாங்கும் பணம் சரியாகவே இருக்கும். ஆகவே சண்டையும் வராது. குறைந்தது நாள் மட்டும், அதாவது 78இலிருந்து இரண்டு. சங்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லும்போது, முதலில் கூலி உயர்வு, மற்றது அப்புறம் என்பார்கள். எண்ணிக்கைக் கூலியை உயர்த்தினாலும் நாள் உயராது என்பதை அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த வழக்கில் அவர்களும் என் எதிர்க்கட்சிதான்.

உள்குத்தகை வேறு இருக்கிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடித்தபோதும், 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடித்தபோதும் அந்தச் சொல் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஓர் உரிமத்தின் கீழ் அறை அறையாகப் பலர் நடத்தும் இடத்தில் அந்தப் பெண் யாருடைய ஏட்டில் இருக்கிறார்? இறந்தபின் தேடுகிறோம். காய்ச்சலின்போது தேட ஆளில்லை.

குழு எதை எண்ண வேண்டும்

இங்கேதான் என் நண்பர்களோடு நான் சேரவும் முடியும் என்று நினைக்கிறேன். குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. வாரா வாரம் கூடுகிறார்கள், நோட்டு இருக்கிறது, எழுதத் தெரிந்த ஒரு பெண் ஊக்குநராக இருக்கிறார், ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேட்கும் பழக்கம் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் ஏங்கும் கட்டமைப்பு இது. இதை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டாகச் சேமிப்பையும் தவணையையும் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதே நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, இந்த வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போனாய், எந்தக் கம்பெனி, எந்த வண்டி என்று எழுதினால் போதும். செப்டம்பர் கடைசியில் இஎஸ்ஐ கணக்கில் ஏறியிருக்கும் நாளோடு ஒத்துப்பார்க்கலாம். வேறுபாடு வந்தால் ஒரு பெண் தனியாகப் போய், வண்டியில் ஆள் ஏற்றும் ஏஜெண்டிடம் கேட்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் வண்டியில் இடமில்லாமல் போகும் என்ற பயம் அவருக்கு நியாயமானது. இருபது பேர் நோட்டோடு போனால் பேச்சு வேறு. கடனுக்குக் கூட்டுப் பொறுப்பு ஏற்கத் தெரிந்தவர்களுக்கு நாளுக்கும் ஏற்கத் தெரியும்.

நுண்கடன் நிறுவனங்களின் வசூல் கெடுபிடிக்கு எதிராக 2025இல் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வாரத் தவணைகளில் எத்தனை, படுத்த நாளுக்காக வாங்கிய கடன் என்று யாராவது பிரித்துப் பார்த்தோமா?

மற்றவை

நேரம் குறைவு, வேகமாகச் சொல்கிறேன்.

இஎஸ்ஐ தருவது தொழிலாளியின் நோய்க்கு. பிள்ளைக்கு அம்மை என்றால் கிடையாது. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான, கூலியோடு கூடிய நோய்விடுப்புச் சட்டம் இன்றும் இல்லை; 2006இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் வாக்கெடுப்பின் வழியாகக் கொண்டுவந்தது. மில்வாக்கியில் 'நைன் டு ஃபைவ்' என்ற உழைக்கும் பெண்கள் அமைப்பு முன்னின்று 2008இல் வாக்கெடுப்பில் வென்றது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாளும் அதில் அடக்கம். 2011இல் மாநில அரசு அதைச் செல்லாததாக்கிவிட்டது. வென்றதைக் காப்பாற்றும் வேலையைப் பற்றி நாம் படிக்க வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. இன்று விரிக்க முடியாது.

கடைப் பெண்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக் கடைகளில் நிற்பவர்களுக்கு நம் மாநிலத்தின் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் கூலியோடு விடுப்புத் தருகிறது. உட்கார நாற்காலி கொடுக்க 2021இல் அதே சட்டத்தைத் திருத்தினோம். நாற்காலி தெரிந்த அளவுக்கு இந்த 12 நாள் தெரியவில்லை.

வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள்: இவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறொருவர் சொல்ல வேண்டும். பீடித் தொழிலாளிக்கு வீட்டைத் தொழிற்கூடமாக ஏற்றுக்கொண்ட தர்க்கம் பெட்டி ஒட்டும் வீட்டுக்கு ஏன் நீளவில்லை என்பது சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல தலைப்பு.

2025 நவம்பர் 21இல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஈட்டிய விடுப்புக்கான தகுதியை 240 நாளிலிருந்து 180 ஆகக் குறைத்திருக்கிறார்கள். விடுப்பில் குறைக்க முடிந்ததென்றால் நோய்க்காலத் தகுதியில் 78ஐ ஆண்டுக்கு ஒரே கணக்காக மாற்றக் கேட்பதில் தவறில்லை. நம் பெண்ணின் 103 நாளும் ஒன்றாகச் சேர்ந்தால் 78ஐத் தாண்டும். மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். முன்வரிசை நண்பர்கள் கையெழுத்திடுவார்களா பார்ப்போம்.

கடைசியாக மாணவர்களுக்கு. புள்ளியியல் துறையோ சமூகவியல் துறையோ, யாராவது இருவர் ஆலங்குளத்தில் ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஒப்புதலோடு, ஓர் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை நாள் நோட்டையும் இஎஸ்ஐ சந்தாப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனிப் பெயரை வெளியிட வேண்டாம், பெண்களுக்குத்தான் தொந்தரவு. எண்ணிக்கைக் கூலிக்காரரையும் தினக்கூலிக்காரரையும் தனித்தனியாகப் போடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் களையெடுக்கப் போன நாளையும் விடாமல் எழுதுங்கள். அட்டவணை வந்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். என் நண்பர்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.