சேர்ந்து எழுதிய பாட்டு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



புதுச்சேரியில் நாம் சம்பா கோவில் என்று அழைக்கும் பேராலயத்தை அறியாதவர் நம்மில் இல்லை. இன்றுள்ள கட்டடத்துக்கு முன்பு அங்கே இயேசு சபைக் குருக்களின் ஆலயம் இருந்தது. தூய பவுலின் பெயரால் அமைந்த ஆலயம் அது. அந்தப் பெயர்தான் மக்களின் வாயில் மருவிச் சம்பா என்றானது. அந்த ஆலயத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் உயர்ந்த சாதியார் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். மறுபக்கம் தலித் கிறிஸ்தவர்கள். 1745-ஆம் ஆண்டில் மறுபக்கத்தில் இருந்தவர்கள் குருவிடம் சென்று முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. இதை எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்லர். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

யாருடைய பெயரால் அந்த ஆலயம் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கிறிஸ்து தம் உடலில் பகை என்னும் தடைச்சுவரைத் தகர்த்து, இரு இனத்தாரையும் ஒன்றாக்கினார் என்று எபேசியருக்கு எழுதிய திருத்தூதர் பவுலின் பெயரால் அமைந்த ஆலயத்திலேயே ஒரு சுவர்! கல்லால் கட்டிய சுவரை ஒரே நாளில் இடித்துவிடலாம். மனத்தில் கட்டிய சுவர் அப்படி இடிவதில்லை. தனி வரிசை, தனிக் கல்லறை என்று அது நெடுங்காலம் வேறு வேறு உருவில் நின்றது. இன்று அது எங்கே நிற்கிறது? சில இடங்களில் நம் பாடகர் குழுவில் நிற்கிறது.

நான் ஒரு குற்றத்தை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கிராமப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், காலனியிலிருந்து நான்கு இளைஞர்கள் பறையோடு வந்தார்கள். "சாமி, நாங்களும் பாட்டுக்கு அடிக்கிறோம்" என்றார்கள். பாடகர் குழுவின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சாமி, அது சாவுக்கு அடிக்கிறது. அதைப் போய்க் கோவிலுக்குள்ள எப்படி..." என்று இழுத்தார். எனக்கு எது சரி என்று தெரியும். ஆனால் விழா நேரத்தில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். "அடுத்த வருடம் பார்க்கலாம் தம்பி" என்று அந்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். அடுத்த வருடம் அவர்கள் வரவில்லை. அவர்களில் ஒருவர் ஞாயிறு திருப்பலிக்கே வராமல் நின்றுவிட்டார். அந்தச் சுவரில் நான் வைத்த கல் அது.

இத்தனைக்கும் நம் திருச்சபை 1963-லேயே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏட்டில், மக்களின் சொந்த இசை மரபை மதித்து, வழிபாட்டில் அதற்கு உரிய இடம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. பறை யாருடைய மரபு? நம் மக்களின் மரபு. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் அதே பறையைக் கையில் எடுத்து, தலை நிமிர்ந்து ஆடுகிறார்கள்.

மதுரையிலும் ஒருவர் இருந்தார். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த, தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த அருட்பணியாளர் தியாபிலஸ் அப்பாவு. 2005-இல் மறைந்தார். "பரட்டை" என்ற பெயரில் பாட்டு எழுதினார். கிராமிய இசையிலேயே ஒரு வழிபாட்டு முறையை அமைத்தார். அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தம் பாட்டை முடிந்த பாட்டாக அவர் மக்களிடம் கொடுக்கவில்லை. பாடுகிறவர்கள் சொல்லை மாற்றலாம், மெட்டை மாற்றலாம், தங்கள் ஊர் வழக்கைச் சேர்க்கலாம். பாடுகிற எவரும் திருத்தலாம் என்பதே நாட்டுப்புறப் பாட்டின் பலம் என்று அவர் கண்டார். "ஒரே உலை" என்று அவர் அடிக்கடி பேசுவார். ஒரே பானையில் பொங்கி, ஒன்றாய் உண்பவர்கள் ஒரே குடும்பம். பாட்டும் அவருக்கு அப்படி ஓர் உலைதான்.

இது நமக்குப் புதிதா? பாகூர்ப் பக்கத்து வயல்களில் நடவு நட்ட தாய்மாரைக் கேளுங்கள். ஒருத்தி ஒரு வரி எடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அடுத்த வரியை இன்னொருத்தி போடுவாள். கங்காணியைக் கேலி செய்யும் வரி ஒன்று நடுவில் வரும். வராத மழையைத் திட்டும் வரி ஒன்று வரும். வரப்பு முடியும்போது பாட்டும் முடியும். யார் எழுதியது என்று கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். இன்று நடவு இயந்திரம் வந்துவிட்டது. அந்தப் பாட்டுகள் நம் பாட்டிமாரோடு போய்க்கொண்டிருக்கின்றன.

அன்பர்களே, அந்தப் பழைய குற்றம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னாளில் வேறொரு பங்கில், பொங்கல் நன்றித் திருப்பலிக்காக இளையோர் எட்டுப் பேரைக் கூட்டினேன். நான்கு பேர் ஊர்த்தெருவிலிருந்து, நான்கு பேர் காலனியிலிருந்து. காணிக்கைப் பாடல் ஒன்றை நீங்களே எழுதுங்கள் என்றேன். முதல் மாலை இரு அணியாக, இரு பாயில் உட்கார்ந்தார்கள். பெரிய வீட்டுப் பையன் ஒருவன் முதல் வரியைப் படித்தான்: எங்கள் நிலத்தில் விளைந்த நெல்லை உமக்குத் தருகிறோம் ஆண்டவரே.

எதிரே இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "எங்களுக்கு நிலம் இல்லியே. எங்கம்மா உங்க வயல்லதான் நடவு நடுறாங்க. இதை நான் எப்படிப் பாடுறது?"

யாரும் பேசவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பையன் நோட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "அப்ப நீயே சொல்லு, எப்படி எழுதலாம்?" என்றான். அவள் யோசித்துச் சொன்ன வரி இதுதான்: "நட்ட கையும் அறுத்த கையும் சேர்ந்து தரும் நெல்லு." மறுநாள் தன் அம்மாவிடம் கேட்டு ஒரு நடவு மெட்டும் கொண்டு வந்தாள். பொங்கல் அன்று அந்தப் பாட்டுக்குப் பறை அடித்தார்கள், ஆலயத்தின் உள்ளேயே.

அந்த ஊரில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். முணுமுணுத்தவர்கள் உண்டு. கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எட்டுப் பேரில் யாரும் இனி "எங்கள் நிலம்" என்று யோசிக்காமல் பாட முடியாது. பிறர் எழுதிய பாட்டை நாம் அருகருகே நின்று பாடலாம். பாடி முடித்து அவரவர் தெருவுக்குத் திரும்பிவிடலாம். சேர்ந்து எழுதும்போது அது முடியாது. அடுத்தவரின் வாழ்க்கை நம் வரிக்குள் வந்து உட்கார்ந்து, "இந்தச் சொல் எனக்குப் பொருந்தவில்லை" என்று சொல்லும். அதற்குச் செவிகொடுத்து நம் சொல்லை அழிக்கிறோமே, அந்த இடத்தில்தான் சுவரின் ஒரு கல் பெயர்கிறது.

இளையோரே, சென்னையில் 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து தொடங்கிய "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவை உங்களில் பலர் கைப்பேசியில் கேட்டிருப்பீர்கள். கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் கிட்டார் வாசிக்கிறவர்களும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பெரிய மேடை கிடைத்தது. உங்களுக்கு அன்பியக் கூட்டம் போதும், ஒரு திண்ணை போதும்.

இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள். உங்கள் தெருவில் நால்வர், நீங்கள் வழக்கமாய்ப் போகாத தெருவில் நால்வர். கோவிலுக்கு வராத நண்பர் இருந்தால் அவரையும் அழையுங்கள். மெட்டை ஒரு பாட்டியிடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரியாவது இருக்கட்டும். ஒருவரால் மனம் ஒப்பிப் பாட முடியாத வரி எதுவோ, அதை எல்லாரும் சேர்ந்து மாற்றுங்கள். பெற்றோரே, பெரியோரே, பிள்ளைகள் எழுதியதில் உங்களுக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருக்கலாம். கோபப்படுமுன், அது உண்மையா என்று மட்டும் கேளுங்கள்.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேரோட்டத்துக்கு பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்தார். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். அதே ஊரில் நம் லூர்து அன்னையின் திருவிழாத் தேரைப் பார்க்க எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். ஒரே வடத்தைப் பல கைகள் பிடிக்க நமக்குத் தெரியும். ஆனால் தேர் அன்றே நிலைக்கு வந்துவிடும். நாம் சேர்ந்து கட்டிய பாட்டு நம்மோடு வீட்டுக்கு வரும். அடுப்படியில், வயலில், பேருந்தில் நம் வாயில் இருக்கும்.

எல்லாக் குலத்தாரும் எல்லா மொழியினரும் ஒன்றாய் நின்று பாடும் பெருங்கூட்டத்தைத் தூய யோவான் விண்ணகத்தில் கண்டார். அந்தப் பாட்டுக்கு நாம் இங்கேயே பழக வேண்டும்.

மன்றாடுவோம். ஆண்டவரே, அன்று நான் திருப்பி அனுப்பிய அந்த நான்கு பிள்ளைகளை உம் கையில் ஒப்படைக்கிறேன். அவர்களைப் போல் இன்று எங்கள் ஆலய வாசலில் நிற்பவர்களை உள்ளே அழைக்கும் துணிவை எங்களுக்குத் தாரும். அடுத்தவரின் சொல்லுக்கு இடம்விடும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.