கூத்தர் வாழ்வும் நம் ஊர் மேடையும்

(ஒத்தக்கடையில் நாடகம் பயிலும் இளைஞர் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆனைமலையின் அடியில் கூடியிருக்கிறோம். இம்மலையில் தமிழி எழுத்தில் பொறித்த கல்வெட்டு உண்டு. பாண்டியனின் அமைச்சன் மாறன்காரி கி.பி. 770 ஆம் ஆண்டில் குடைவித்த குடைவரைக் கோயிலும் உண்டு. கல்லில் எழுதியது நின்றுவிட்டது. நம் ஊர்க் களங்களில் விடிய விடியப் பாடி, விடிந்ததும் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு பேருந்தேறிப் போன கூத்தர்களின் சொல்லை எவரும் கல்லில் எழுதவில்லை. அவர்களைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

இளைஞர்கள் என்னிடம் கேட்டது வேறு. 'நாடகக் குழு தொடங்குகிறோம். தூய தமிழ்ப்பெயர் ஒன்று சூட்டித் தாருங்கள்' என்றார்கள். பெயர் சூட்டுவது அரை நாழிகை வேலை. தருகிறேன். ஆனால், ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் வேண்டா, ஆடல் பாடல் போதும் என்று ஒரு சாராரும், பழந்தொன்மக் கதைகளைப் பாடும் இரவு நாடகம் தமிழுணர்வுக்குப் பகை, அதைக் கைவிடுவதே முறை என்று மற்றொரு சாராரும் பேசுவதாகக் கேள்வியுற்றேன். முதற்சாராரோடு வாதிட ஊர்ப்பெரியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் சாரார் நம்மவர். எனக்கு வழக்கு அவர்களோடுதான்.

'கூத்தாடி' என்பது இன்று வசைச்சொல். கூத்தர், பொருநர், பாணர், விறலியர் என்று கலைஞர்க்கு வழிகாட்டவே ஆற்றுப்படை என்றொரு துறை கண்ட மொழியில் இஃது எப்படி நேர்ந்தது? மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்பதே மறுபெயர். பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்ப்பட்ட கூத்தனுக்கு வழியும் சொல்கிறான், வள்ளலின் இயல்பும் சொல்கிறான். மதுரை நாடக நடிகரிடையே இவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. இன்ன ஊரில் பேசிய பணத்தைக் குறையாமல் தருவர், இன்ன ஊரில் உடை மாற்ற ஒதுக்கிடம் கூடத் தாரார் என்று கைப்பேசியில் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். வள்ளல்கள்தாம் குறைந்துபோயினர்.

இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு தருகிறார். இருபத்துநான்கு பெருவிரல் கொண்டது ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம்; மூவகை எழினி. பாடம் நடத்துகையில் மாணவர்களைத் தம் பெருவிரலால் அளக்கச் சொல்லிப் பள்ளித் திடலில் சுண்ணக்கோடு போடச் செய்வேன். முடிந்ததும் யாரேனும் ஒரு மாணவன், 'ஐயா, இஃது எங்கள் ஊர் நாடக மேடை அளவுதான்' என்பான். உரையாசிரியர் சொல்லாத விளக்கம் அது.

இனி மதுரை மரபுக்கு வருவோம். சங்கரதாசு அடிகளைச் 'சுவாமிகள்' என்பதே நாட்டு வழக்கு. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செபுதம்பர் 7 ஆம் நாள் பிறந்தவர். பழனித் தண்டபாணி அடிகளிடம் தமிழ் பயின்றவர். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடைய தோழர். 1918 இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு அவர் அமைத்த குழுவின் பெயர் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'. அதில் தமிழ்ச்சொல்லை விளக்கேற்றித் தேடவேண்டும். (மீன் தமிழே என்பீர்கள்; ஆம், அஃதொன்று தேறும்.) மறைமலையடிகள் தனித்தமிழ் முழக்கம் எழுப்பி அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. கயற்கண்ணி என்ற பெயர் மதுரைக்கு எட்டாத பெயரும் அன்று.

ஆனால் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளிருப்பதை எடைபோடுவோர் இங்கு ஏமாறுவர். வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கண்ணியும் அந்நாடகங்களில் நிரம்பிக் கிடக்கின்றன. குறட்கருத்தும் பழந்தமிழ்ப் பாடற்கருத்தும் உழவர் வாயில் ஏறும் வண்ணம் உரையாடலில் கலந்து வருகின்றன. அவருடைய 'கோவலன்' நாடகத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்வர். மதுரையை 'மாபாவியோர்' வாழும் ஊர் என்று மாதவி பாடும் இடத்தில் அவையோர் சினந்தெழுந்தனராம். அடிகள் மேடையேறி, மா என்பது திருமகள், பா என்பது கலைமகள், வி என்பது மலைமகள். மூவரும் குடியிருக்கும் ஊர் என்றே பாடினேன் என்று பிரித்துக் காட்டினாராம். பொருந்துமா பொருந்தாதா என்று புலவர்கள் வாதிடட்டும். சொல்லைப் பிரித்துப் பொருள் கேட்கும் அவையும், பிரித்துக் காட்ட வல்ல ஆசிரியனும் ஒரு நாடகக் கொட்டகையில் எதிரெதிரே நின்றனர் என்பதே எனக்குப் பெரிது. இன்றைய எந்த அரங்கில் அது நடக்கும்?

வள்ளி திருமணம், பவளக்கொடி, நல்லதங்காள், ஞானசவுந்தரி என்று ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் அவர் இயற்றினார் என்பர். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் தி.க. சண்முகம் குறித்துள்ளார். இறுதிக் காலத்தில் வாதநோய் தாக்கிய பின்னும் அடிகள் குழுவை விட்டு நீங்கினாரில்லை. 1922 நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

அக்குழுவில் வளர்ந்த பிள்ளைகளை எண்ணிப்பாருங்கள். சண்முகமும் உடன்பிறந்தாரும் 1918 இலேயே சேர்ந்தனர். சண்முகத்துக்கு அப்போது அகவை ஆறு. அவர்கள் 1925 இல் தொடங்கிய தனிக்குழுவும் மதுரைப் பெயரையே தாங்கியது. கலைவாணர் என்.எசு. கிருட்டிணன் அதில் பயின்றவர். ம.கோ. இராமச்சந்திரனும் மதுரைப் பெயர் தாங்கிய மற்றொரு சிறுவர் குழுவில் வளர்ந்தவரே. சண்முகம் ஒளவையாராக நடித்து 'ஒளவை' என்னும் அடைமொழி பெற்றதும், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் தோள்கொடுத்ததும், 'இராசராச சோழன்' நாடகத்தை ஊர்தோறும் கொண்டு சென்றதும் நீங்கள் அறிந்தவை. தமிழ்நாட்டு வரலாற்றைத் தமிழர்க்கு நினைவூட்டிய மேடை, தொன்மக் கதைகளைப் பாடிய சிறுவர் குழுவிலிருந்து முளைத்தது என்பதை நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

ஆனால் நான் பள்ளி ஆசிரியன். அச்சிறுவர் வாழ்வைத் தேனாகச் சொல்லி முடித்துவிட என்னால் இயலாது. விடியற்காலையில் எழுந்து பாடவேண்டும். பாடம் தவறினால் அடி. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள். பள்ளிப்படி ஏறாதவர் பலர். குரல் உடையும் பருவத்தை அவர்கள் 'மகரக்கட்டு' என்பர். அது வந்ததும் நேற்றுவரை அரசனாய்ப் பாடிய பிள்ளை எடுபிடி ஆகிவிடுவான். குரல் மீண்டும் அமைந்தால் வாழ்வு, இல்லையேல் இல்லை. நம் குழுவில் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ப்பதாயின் தேர்வுத் திங்களில் ஒத்திகை கூடாது. இதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக்கள் கலைந்தபின் மிஞ்சியதுதான் நம் பக்கத்து ஊர்களில் நாம் காணும் 'சுபெசல் நாடகம்'. இது உலகில் வேறெங்கும் எளிதில் காணவியலாத ஒழுங்கு. ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை, நிலையான குழுவும் இல்லை. ஒருவர் ஓர் ஊரிலிருந்தும் மற்றவர் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, இரவு பத்து மணிக்கு ஓலைக்கொட்டகையின் பின்னால் சந்தித்து, விடியும்வரை ஒரு நாடகத்தை நடத்தி முடிப்பர். ராசபார்ட்டு, சுதிரீபார்ட்டு, பபூன் என்று அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டால் நமக்குக் காது கூசும். தலைவன், தலைவி, நகையாளி என்று நான் மாற்றிச் சொன்னேன்; ஒரு முதிய ஆர்மோனியக்காரர் சிரித்துவிட்டு, 'பேரை மாத்துங்க வாத்தியாரே, பேமெண்ட்டை மாத்தாதீங்க' என்றார். அவர் சொன்னதிலும் ஒரு தமிழ்ச்சொல் குறைந்தது, பொருள் குறையவில்லை.

ஒத்திகையின்றி எப்படி நடத்துகின்றனர்? அடிகளின் பாடல்கள் எல்லார் நெஞ்சிலும் ஒன்றாய் இருக்கின்றன. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே உரையாடலை அங்கேயே படைத்துக்கொள்கின்றனர். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியோடு, நாரதரும், பின்னர் வேடனாய் வந்த முருகனும் சொற்போர் புரியும் இடமே அந்நாடகத்தின் உயிர். தர்க்கம் என்பர் அவர்கள். நாம் சொல்லாடல் என்போம். கேள்வி எங்கிருந்து வருமென்று எதிரே நிற்பவர்க்குத் தெரியாது. செய்யுளால் மடக்கினால் செய்யுளால் விடை சொல்லவேண்டும். விடையிறுக்க முடியாமல் நின்றால் அடுத்த ஊரில் அழைப்பு வாராது. குறிஞ்சித் திணையும் களவொழுக்கமும் கல்லூரியில் நான் படித்தவை. கையெழுத்தே போடத் தெரியாத மூதாட்டி ஒருவர், 'வள்ளி மலைப்பொண்ணு, அவளை ஏச்சுக் கூட்டிட்டுப் போகமுடியாது, வாயால செயிக்கணும்' என்று எனக்குப் பக்கத்தில் அமர்ந்து விளக்கினார். அகத்திணை இயலுக்கு அதனினும் நல்ல உரை நான் கேட்டதில்லை.

தொன்மக் கதையாயிற்றே என்பீர்கள். விசுவநாததாசரை நினையுங்கள். 1886 இல் சிவகாசியில் மருத்துவர் குடியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தவர். தாழ்த்தப்பட்ட குடியினர் என்பதால் அவரோடு மேடையேற மறுத்த நடிகையர் உண்டு. அவர் தினைப்புனத்தில் பறவை விரட்டும் பாட்டைப் பாடினார். வெள்ளைப் பறவையை விரட்டும்போது அவை வெள்ளைக்காரனை விரட்டுவதாய் விளங்கிக்கொண்டது. காவல்துறைக்கும் விளங்கியது; பன்முறை சிறை சென்றார். அப்பாடல்களைக் கட்டித் தந்தவர்களுள் முதல்வர் மதுரகவி பாசுகரதாசர். 1940 ஆம் ஆண்டின் கடைசி இரவில், சென்னையில், முருகன் கோலத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் தாசரின் உயிர் பிரிந்தது. கதை முருகன் கதை, போர் நாட்டுப்போர். மேடையில் எக்கதை என்பதை மட்டும் கேட்போர் இதற்கு விடை சொல்லட்டும்.

மேடையைக் கண்டு அரசுகள் அஞ்சியதற்குச் சட்டமே சான்று. ஆங்கிலேயன் 1876 இல் நாடகங்களை அடக்கச் சட்டம் செய்தான். அவன் போனபின் 1954 இல் சென்னை மாநில அரசு தனக்கென்று ஒன்று செய்தது, ம.ரா. இராதாவின் நாடகங்கள் அதற்குத் தூண்டுகோல். அம் மாநிலச் சட்டத்தை எதிர்த்து இதழாளர் ஞாநி வழக்காடினார். 2013 இல்தான் சென்னை உயர்முறைமன்றம் அதனைச் செல்லாது என்றது. ஏறத்தாழ அறுபதாண்டுகள், நாடகம் போடுமுன் எழுத்துப்படியைக் காவல் நிலையத்தில் நீட்டும் நிலை! அதைப் பொருட்படுத்தாமல் வாளாவிருந்த நாம் நடிகரை மட்டும் இழித்துப் பேசினோம்.

இழிவு என்றேனே, அதற்கு ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் பயின்ற ஒரு பெண். நல்ல குரல், செய்யுளை ஒருமுறை கேட்டால் ஒப்பிப்பாள். படிவத்தில் தாயின் தொழில் என்னும் இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தாள். தாய் இரவு நாடகத்தில் வள்ளியாய் நடிப்பவர் என்று பின்னர்த் தெரிந்தது. 'நடிகை என்று எழுதினால் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் ஐயா' என்றாள். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் நடிகையரும் தொழிலை மறைத்தே கேட்கின்றனர். ஊருக்குள் நடந்து வந்தால் பேச்செழும் என்று இருட்டில் வந்திறங்கி இருட்டிலேயே போகின்றனர். இரவெல்லாம் அவர்களைத் தெய்வமாய்ப் பார்த்த கண்கள்தாம் விடிந்ததும் வேறுவகையாய்ப் பார்க்கின்றன.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் தமக்கென ஓர் அமைப்பை நிலைநிறுத்தியுள்ளனர். மதுரையில் 1923 இலேயே நடிகர் சங்கம் கண்டவர்கள் அவர்கள். அப்போது தமிழ்ப் பேசும்படமே பிறக்கவில்லை. ஆண்டுதோறும் தமிழ்ச்சங்கச் சாலையில் உள்ள அடிகளின் சிலைக்கு மாலை சூட்டி, அவர் நினைவுநாளைக் கொண்டாடுகின்றனர். 2020 இல் கொரோனா ஊரடங்கு பங்குனியில் வந்தது. மாசி முதல் ஆடி வரையுள்ள திருவிழாக் காலம்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம். அவ்வாண்டு அறுவடையே இல்லாமற் போயிற்று. கட்டட வேலைக்கும் காய்கறி விற்கவும் போன பாடகர்கள் உண்டு; அவர்களுள் மேடைக்குத் திரும்பாதவரும் உண்டு.

இப்போது மற்றோர் இடர். ஒலிமாசு பற்றிய 2000 ஆம் ஆண்டின் விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு ஆண்டில் சில நாள்கள் மட்டும் நள்ளிரவு வரை அரசு இசைவு தரலாம். நோயாளியும் குழந்தையும் உறங்கவேண்டும். விதியில் நயம் உண்டு. ஆனால் நாடகம் தொடங்கும் பொழுதே பத்து மணி! ஆடல் பாடலுக்கு இசைவு கேட்டு நம் ஊரை அடுத்துள்ள உயர்முறைமன்றக் கிளையில் வழக்குக்கு மேல் வழக்கு வருகிறது. ஓரிரவு முழுதும் நடப்பதை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கச் சொன்னால் எதை வெட்டுவர்? நகைச்சுவையையும் ஆட்டத்தையும் வெட்டமாட்டார்கள். கைதட்டல் அங்கேதான் விழுகிறது. சொல்லாடலைத்தான் வெட்டுவர். வெட்டிக்கொண்டும் இருக்கின்றனர். செய்யுளால் விடையிறுக்கும் நடிகர் தலைமுறை முதுமையெய்தி வருகிறது.

ஆகவே இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. புது நாடகம் எழுதுங்கள், மறுக்கவில்லை. மதுரையில் 1978 இல் தோன்றிய நிசநாடக இயக்கம், மு. இராமசாமி தலைமையில், கிரேக்க நாடகத்தைத் 'துர்க்கிர அவலம்' என்று தமிழ் மண்ணுக்குக் கொணர்ந்தது. பின்னாளில் பெரியாரையே மேடையேற்றியது. அவரே தோற்பாவை நிழற்கூத்தை ஆய்ந்தவர். பழைய கூத்தரிடம் கற்காமல் புதுமை செய்தாரல்லர்.

நாடகத்தை மாலை ஆறுக்குத் தொடங்குங்கள். நான்கு மணி நேரம் கிடைக்கும். அதில் முழுதாக ஒன்றரை மணி சொல்லாடலுக்கு. வள்ளியாகவும் வேடனாகவும் முதிய நடிகர் இருவரை அழையுங்கள். நம் குழுவினர் அவர்கட்குப் பக்கத்தில் அமர்ந்து கற்கட்டும். அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து எழுத்தில் பெயர்த்து என்னிடம் தாருங்கள்; பிழை திருத்தித் தருவது என் பொறுப்பு. பிறமொழிச் சொல் எங்கு வருகிறது, எங்கு எளிதாய்த் தமிழாக்கலாம் என்று அவர்களோடு அமர்ந்தே பார்ப்போம். அவர்களை விலக்கிவிட்டு அவர்கள் தமிழைத் திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பேசிய பணத்தை மேடையேறுமுன்னரே கொடுத்துவிடுங்கள். நடிகையர் உடைமாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். பள்ளியறை ஒன்றுக்குத் தலைமையாசிரியரிடம் நானே இசைவு பெற்றுத் தருகிறேன். ஒலிபெருக்கி இன்றியே கொட்டகை நிறையக் கேட்கும்படி பாடியவர்கள் கிட்டப்பா காலத்து நடிகர்கள். நம் பிள்ளைகளும் குரலைப் பழக்கட்டும்.

பெயர் கேட்டீர்களே. ஆனைமலைக் கூத்தர் குழு. பிடிக்கவில்லையேல் நாளை பள்ளிக்கு வாருங்கள், வேறு பார்ப்போம். மணி ஒன்பதரை ஆகிறது. பத்துக்குள் இந்த ஒலிபெருக்கியையும் நிறுத்தவேண்டும். வணக்கம்.