கொட்டானில் வந்த சீர்



செட்டிநாட்டின் பெரிய வீடுகளுக்குள் ஒருமுறையாவது போய் வந்தவர்களுக்கு அந்தச் செல்வம் கண்ணிலேயே நிற்கும். தூண்கள் பர்மாத் தேக்கு. தரை இத்தாலியப் பளிங்கு, இல்லாவிட்டால் பக்கத்து ஊரிலேயே வார்த்த ஆத்தங்குடிக் கல். சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை அந்தத் தேக்கும் பளிங்கும் கண்ணாடியும். அப்படிப்பட்ட வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தால், வெள்ளிப் பாத்திரமும் வைரமும் போகிற அதே சீர்வரிசையில் பனை ஓலையால் பின்னிய கூடை ஒன்றும் போகும். அதற்குக் கொட்டான் என்று பெயர்.

அந்தக் கொட்டானைக் கடையில் வாங்கியிருக்க மாட்டார்கள். வீட்டு ஆச்சி தன் கையால் முடைந்தது அது. கணவர் ரங்கூனிலோ பினாங்கிலோ வருஷக்கணக்கில் தங்கியிருப்பார். சமையல் முடிந்த பகல் பொழுதில் ஆச்சிகள் கூடி உட்கார்ந்து ஓலை பின்னினார்கள். மகளுக்கு, மருமகளுக்கு, பேத்தியின் சடங்குக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டான். மேலே நூலில் குரோஷா பின்னி, பாசிமணி கோத்து உறை போடுவார்கள். விலைக்கு எதையும் வாங்கக்கூடிய வீட்டில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது என்பதை இன்றைக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கையால் செய்த பொருளைப் பரிசாகக் கொண்டுபோகப் பலரும் கூச்சப்படுகிறார்கள். ‘காசு செலவழிக்க மனசில்லாமல் வீட்டிலேயே செய்து கொண்டுவந்துவிட்டாள்’ என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு நம் ஊர் வழக்கத்தில் வேரே கிடையாது.

கொட்டான் பின்னுவது பார்க்கிறபோது சுலபமாகத் தெரியும். பனையின் குருத்தோலைதான் இதற்கு ஏற்றது. முற்றிய ஓலை மடக்கினால் முறிந்துவிடும். ஓலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, மெல்லிய பட்டையாக வார்ந்துகொள்ள வேண்டும். நிறம் வேண்டுமானால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் ஓலையை முக்கி எடுத்து மறுபடி உலர்த்துவார்கள். பின்ன உட்காரும்போது ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்வார்கள். ஈரம் போனால் ஓலை விறைத்துக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்காது. அடிப்பகுதியைப் பாய்போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நான்கு மூலையிலும் ஓலையை மேல்நோக்கி மடக்குகிற இடம்தான் சூட்சுமம். அங்கே ஒரு பட்டை தளர்ந்தால் கொட்டான் கடைசிவரை கோணலாகவே நிற்கும். கை பழகிய பெண்கள் அந்த இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தபிறகு ஆச்சிகள் வீட்டில் இந்த வேலை மெல்ல நின்றுபோனது. பழைய கொட்டான்கள் பெட்டகத்துக்குள் போயின. பின்னத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்தார்கள். 2000-ஆம் ஆண்டுவாக்கில் விசாலாட்சி ராமசாமி தன் பண்பாட்டு அறக்கட்டளையின் மூலம் இந்தக் கலையை மீண்டும் கையில் எடுத்தார். பழைய கொட்டான்களை மாதிரியாக வைத்துக்கொண்டு, காரைக்குடியைச் சுற்றிய கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. பொழுதுபோக்காக இருந்த ஒன்று அந்தப் பெண்களுக்குச் சம்பாத்தியம் ஆனது. செட்டிநாடு கொட்டான் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போனால் இதே பனை ஓலை அடுக்களைக்குள் இருக்கும். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி ஓலையில் இழைத்தது. பனங்கட்டி வருவதும் ஓலைக் குட்டானில்தான். கொட்டான், குட்டான் என்று சொல்லிப் பார்த்தாலே உறவு புரியும்.

பனை ஓலை கிடைக்காத ஊரில் என்ன செய்வது? தமிழ்நாட்டுப் பெண்கள் அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். அதுதான் வயர் கூடை. காய்கறிச் சந்தைக்கும், ஊருக்குப் போகிற பேருந்துக்கும், ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குச் சாப்பாடு கொண்டுபோகவும் இந்தக் கூடை போகாத இடம் இல்லை. கடையில் வயரைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். ஒரு கட்டுக் கூடை, இரண்டு கட்டுக் கூடை என்றுதான் அளவே பேசுவார்கள். முடிச்சுகளின் பெயரைக் கேட்டாலே யாருடைய கை வேலை இது என்று தெரிந்துவிடும்: சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட். கோயிலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் டீக்கடை பாட்டிலிலிருந்தும் பெண்கள் எடுத்து வைத்த பெயர்கள் இவை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதற்குப் பாடப்புத்தகம் இருந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா பின்னும்போது எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்தான் எல்லோரும்.

புதிதாக வயர் கூடை பின்ன ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் முயற்சியிலேயே பெரிய கூடையில் கை வைக்காமல், கைபேசி வைக்கிற அளவில் ஒரு சிறு பையில் தொடங்குவது நல்லது. வயரை வெட்டும்போது கணக்குக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். நீளம் மிஞ்சினால் உள்ளே சொருகிவிடலாம். குறைந்துபோனால் நடுவில் ஒட்டுப்போட்டது கண்ணை உறுத்தும். எல்லா முடிச்சையும் ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். கூடையில் முதலில் தேய்வது கைப்பிடிதான். அது அறுந்ததும் கூடையையே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அரைக் கட்டு வயர் வாங்கிக் கைப்பிடியை மட்டும் புதிதாகப் பின்னிவிட்டால் அந்தக் கூடை இன்னும் பல வருஷம் உழைக்கும். வயரும் பிளாஸ்டிக்தான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பைகளை எத்தனையோ ஆண்டுகளுக்கு வீட்டுக்குள் வராமல் தடுக்கிற பிளாஸ்டிக் அது. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. வயர் கூடையோடு கடைக்குப் போன பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பாலித்தீன் பை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

இனி, காசே செலவில்லாத ஒன்று. பழைய செய்தித்தாளும் வெந்தயமும் சேர்ந்தால் ஒரு கூடை.

மூங்கில் முறத்தின் ஓட்டையை அடைக்க நம் பாட்டிமார் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்து மெழுகிய காட்சி நடுவயதுக்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதே கூழில் முழுக் கூடையே செய்துவிடலாம். செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட வேண்டும். தினமும் தண்ணீரை மாற்றினால் வாடை வராது. அச்சு மையிலும் கொஞ்சம் போகும். வெந்தயத்தைத் தனியாக ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் காகிதத்தை ஒட்டப் பிழிந்து, இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். ஆட்டுக்கல் இருந்தால் நல்லது, கிரைண்டரும் போதும். வெந்தயம் எவ்வளவு என்பதற்குக் கையளவுதான் கணக்கு. கூழை உருட்டிப் பார்த்தால் உருண்டை விரிசல் விடாமல் நிற்க வேண்டும். விரிந்தால் இன்னும் கொஞ்சம் வெந்தயம்.

ஊறிய வெந்தயத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். அதுதான் இங்கே பசை. காகிதத்தில் இருப்பது மரத்தின் நார். அந்த நார்களை வெந்தயப் பசை ஒன்றோடொன்று பிணைத்துப் பிடித்துக்கொள்கிறது. வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற நார்கள் நெருங்கி, மரத்தட்டுப்போல இறுகிவிடும். கசப்பு இருப்பதால் பூச்சி அண்டாது என்பது பாட்டிகளின் அனுபவம்.

ஒரு குண்டானைக் கவிழ்த்து, மேலே பழைய வேட்டித் துணி ஒன்றை ஈரமாகப் போர்த்தி, கூழைக் கைவிரல் தடிமனுக்கு அப்ப வேண்டும். விளிம்பில் சற்றுக் கூடுதலாக. ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டு, பிறகு மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்தால் குண்டான் தனியாகவும் கூடை தனியாகவும் வந்துவிடும். அப்பிய உடனே கடும் வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வெடித்துவிடும் என்பதால்தான் அந்த ஒரு நாள் நிழல். உலர்ந்த கூடையைச் சுண்டினால் ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

முன்பெல்லாம் இந்தக் கூடையில் பருப்பும் வடகமும் கொட்டி வைத்தார்கள். இப்போது அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. அச்சு மை உணவில் கலப்பது உடம்புக்குக் கேடு என்பதால், செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொட்டலம் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் விதியே வகுத்திருக்கிறது. நூல்கண்டு, ஊசி, பொத்தான், வளையல், சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ள இந்தக் கூடைக்கு வீட்டில் வேறு ஆயிரம் வேலை இருக்கிறது.

குழந்தைகளை இதில் சேர்க்காமல் விடக் கூடாது. நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் போடுகிற ‘பார்க்’கைவிடப் பெரிய கைவேலைப் பள்ளிக்கூடம் வேறெதுவும் இல்லை. கொலுவுக்கு நாலைந்து நாள் முன்னால் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ வெந்தயமோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்து வந்தால், முதல் நாளன்று பச்சைப் புல்வெளி தயார். ஓரம் தெரியாமல் மணல் மூடிய கண்ணாடி குளம் ஆகும். தீப்பெட்டிகளை அடுக்கினால் மாடி வீடு.

அதே தீப்பெட்டியிலிருந்து அறிவியலுக்கும் ஒரு வழி உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, குப்பையில் போகிற பொருட்களால் பொம்மை செய்து பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுப்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருடைய பெயர்பெற்ற செய்முறை ஒன்றுக்குத் தேவை தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் மட்டும். குச்சிகளின் மருந்தை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். ட்யூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சியைச் சொருகினால் ஒரு மூட்டு கிடைக்கும். நான்கு குச்சியில் ஒரு சதுரம் செய்து மூலையைத் தள்ளினால் அது சாய்ந்து படுத்துவிடுகிறது. மூன்று குச்சியில் முக்கோணம் செய்து தள்ளினால் அசையாமல் நிற்கிறது. பாம்பன் போகிற பிள்ளை ரயில் பாலத்து இரும்புச் சட்டங்களிலும், ஊருக்கு வெளியே நிற்கும் மின்கோபுரத்திலும் முக்கோணங்களைத் தானே தேடத் தொடங்கிவிடும். 1920-களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய சிவகாசியில் செய்த ஒரு தீப்பெட்டிக்குள் இவ்வளவு பாடம் அடங்கியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கைபேசியில் இன்று வருகிற கைவேலைக் காட்சிகள் பலவும் சிக்கனத்தின் பெயரில் செலவைத்தான் சொல்லித் தருகின்றன. சூட்டுப் பசைத் துப்பாக்கி, ஜிகினாத் தூள், தெர்மாகோல் தாள், பளபளப்பு வண்ணம் எல்லாம் வாங்கி ஒரு பழைய பாட்டிலை அலங்கரித்தால், கடைசியில் அந்தப் பாட்டிலை மறுசுழற்சிக்குக்கூட அனுப்ப முடியாது. வீட்டில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்கி, கிழிந்தால் திரும்பச் சரிசெய்யக்கூடியதாக, கடைசியில் மண்ணுக்கோ அடுத்த வேலைக்கோ திரும்பக்கூடியதாக இருப்பதுதான் நல்ல கைவேலை. கொட்டானும் காகிதக் கூடையும் பழம்புடவையில் கட்டுகிற தூளியும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

பரிசு கொடுப்பதிலும் இதே யோசனை வேண்டும். கொலுவுக்கு வந்த பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்கிற சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அடுத்த வாரம் வேறு வீட்டுத் தாம்பூலத்தில் அப்படியே போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெறுகிறவருக்கு அது பயன்படாது என்று கொடுக்கும்போதே தெரியும். கையால் செய்கிறவர் அப்படிச் செய்ய முடியாது. இந்தக் கூடை யாருக்கு, அவர் எதை வைப்பார், கைப்பிடி நீளமாக வேண்டுமா, முழங்கை வலி உள்ளவருக்குச் சிறிதாகப் பின்னலாமா என்று யோசித்துக்கொண்டேதான் விரல் நகரும். பேரக்குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன தன் நூல் புடவையை நாலாக மடித்துத் தைத்து வைக்கிற பாட்டி, எந்தக் கடையிலும் கிடைக்காத துணியைத்தான் கொடுக்கிறாள். பிறந்த குழந்தையின் தோலுக்குக் கஞ்சி போட்ட புதுத்துணி உறுத்தும், பழந்துணி உறுத்தாது.

அடுத்து வரப்போகிற ஒரு விசேஷத்துக்காவது ஒரு பொருளை உங்கள் கையால் செய்து பாருங்கள். காகிதக் கூடை செய்வதென்றால் முழுதாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மழைக்காலம் என்றால் இன்னும் கூடும். பழைய செய்தித்தாள் இன்றைக்கே வாளிக்குள் இறங்கட்டும்.