குழாய்த் தொழிலாளர் ஹரி பட்ச்



இங்கிலாந்தின் தென்மேற்கே, சோமர்செற் என்னும் மாவட்டத்தில், வெல்ஸ் என்றொரு சிறிய ஊர் உண்டு. பழைய பேராலயம் ஒன்று அங்கே இருப்பதனால் நகரம் என்ற பெயர் அதற்கு வாய்த்ததேயன்றி, அளவில் அது நம் நாட்டுச் சிறு பட்டினங்களை ஒத்ததே. 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆம் திகதி அப்பேராலயத்தின் மணி 111 முறை ஒலித்தது. தெருவின் இருமருங்கிலும் ஆயிரக்கணக்கான மக்கள் அமைதியாக நின்றனர். அவர்களிடையே கொண்டு செல்லப்பட்ட பேழையினுள் இருந்தவர் அரசரல்லர், அமைச்சரல்லர், படைத்தலைவருமல்லர். குழாய் வேலை செய்து வாழ்ந்த ஒருவர். ஹரி பட்ச் என்பது அவர் பெயர். நூற்றுப்பதினொரு வயது வரை வாழ்ந்தவர். வயதுக்கொன்றாகவே மணி ஒலித்தது.

முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்று போரிட்டோருள், எந்நாட்டுப் படையினராயினும், அறியப்பட்டவரை இறுதியாக எஞ்சியிருந்தவர் அவரே. ஆதலால் உலகம் அவரைப் போர்வீரர் என்றே நினைவுகூர்ந்தது. ஆனால், நேயர்களே, சிறிது கணக்குப் பார்ப்போம். அவர் போர்முனையில் நின்றது நான்கு மாதத்திற்கும் குறைவு. தொழில் பழகத் தொடங்கிய 1913ஆம் ஆண்டு முதல் ஓய்வு பெற்ற 1963ஆம் ஆண்டு வரை, படையிற் கழிந்த இரண்டொரு ஆண்டுகள் நீங்கலாக, அவர் கையில் இருந்தவை குழாயும் பற்றாசுமே. இவ்விரண்டில் எது அவருடைய வாழ்வு? இந்தக் கேள்வியே இன்று என்னை உங்கள்முன் பேசவைத்தது.

1898ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆம் திகதி, பாத் நகரை அடுத்த கோம்ப் டவுண் என்ற ஊரில் ஹரி பிறந்தார். தந்தையார் கல் வேலை செய்பவர். மகன் பதினைந்து வயதிற் பள்ளியை விட்டுக் குழாய் வேலை பழகச் சென்றார். கிணற்று நீரையே நெடுங்காலம் நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இத்தொழிலின் அருமை எளிதிற் புலப்படாது. அக்காலத்து ஆங்கில நாட்டிலே குழாய் என்றால் ஈயக் குழாய். அத்தொழிலாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஈயத்தின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்ததுதான். இரு குழாய்களைப் பொருத்துவதென்றால், ஒன்றன் நுனியைக் கூராக்கி மற்றதன் விரிந்த வாயினுட் செருகி, உருக்கிய பற்றாசை மேலே வார்த்து, கொழுப்புத் தடவிய தடித்த துணியொன்றைக் கையிற் பிடித்து, அது குழைவாயிருக்கும் சில நொடிகளுக்குள் சுற்றிலும் வழித்து உருவாக்கவேண்டும். முந்தினால் வழிந்தோடிவிடும், பிந்தினால் இறுகிவிடும். கண்ணும் கையும் சேர்ந்து பழகினாலன்றி வாராத வித்தை இது.

இவ்வித்தையிற் கை படியும் வேளையிற் போர் குறுக்கிட்டது. அவருடைய மூத்த சகோதரர் முன்பே படையிலிருந்து மொன்ஸ் என்னுமிடத்திற் காயமுற்றவர். பதுங்குகுழிகளின் சேற்றையும் இழிவையும் அவர்வழி அறிந்திருந்ததனால் ஹரிக்குப் போருக்குப் போகும் ஆசை சிறிதும் இருக்கவில்லை. எனினும் 1916ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கட்டாய ஆட்சேர்ப்பு அவரை இழுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு யூன் மாதம், பத்தொன்பது வயது நிரம்பிய நாட்களில், அவர் பிரான்சை அடைந்தார். கோர்ன்வால் கோமகன் இலகு காலாட்படையில், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவொன்றில் அவர் இரண்டாமவர். குழுவில் ஐவர். சுடுபவர் ஒருவர், உதிரிப் பாகங்களைச் சுமந்து, பழுது நேர்ந்தால் நொடியிற் சீர்செய்பவர் ஹரி, தோட்டா சுமப்பவர் மூவர். தொழிலறிந்த கைக்கு ஏற்ற இடந்தான்!

அந்த ஐவருக்குள்ளும் ஓர் உடன்படிக்கை இருந்தது. தம் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி எவரையும் கொல்வதில்லை. சுடும்போது கால்களை நோக்கித் தாழச் சுடுவது. படைச் சட்டத்திற்கு அஞ்சி வெளியே சொல்லாத உடன்படிக்கை அது.

அதனைச் சோதிக்கும் வேளையும் வந்தது. 1917 ஓகஸ்ட் 16ஆம் திகதி விடியலில், பெல்ஜிய நாட்டு ஸ்ரீன்பேக் என்னும் ஓடையைக் கடந்து அப்படை லாங்கெமார்க்கை நோக்கி முன்னேறியது. வழியிலே, தோளிலிருந்து இடுப்பு வரை உடல் கிழிந்து கிடந்த கோர்ன்வால் நாட்டு இளைஞன் ஒருவன், தன்னைச் சுட்டுவிடும்படி வேண்டினான். கைத்துப்பாக்கியை எடுக்குமுன்னரே அவன் உயிர் பிரிந்தது. ‘அம்மா’ என்பதே அவனது இறுதிச் சொல். அது அச்சத்தின் குரலன்று, யாரையோ கண்டுகொண்ட மகிழ்ச்சியின் குரல் என்று ஹரி பின்னாளிற் கூறினார். சற்று நேரத்தில் யேர்மன் வீரன் ஒருவன் துப்பாக்கி முனையிற் கத்தியுடன் அவரை நோக்கி ஓடிவந்தான். ஹரி அவன் தோளிற் சுட்டார். துப்பாக்கி கைநழுவியும் அவன் ஓடிவந்தான். முடிவெடுக்க நான்கைந்து நொடிகளே இருந்தன. ஹரி அவன் நெஞ்சைக் குறிவைக்கவில்லை. கணுக்காலின் மேலும் முழங்காலின் மேலும் சுட்டு வீழ்த்தினார். அவன் பிழைத்து வீடு சேர்ந்திருப்பான் என்பது அவர் நம்பிக்கை.

இதனைக் கேட்டு அவரை ஒரு துறவியாக்கிவிடவேண்டாம். ஆறு வாரங்கள் கழித்து அதே மனிதன் எதிர்ப்பட்டிருந்தாற் கொன்றேயிருப்பேன் என்று அவரே ஒளிக்காமற் சொல்லியிருக்கிறார். ஏனெனில், செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு, முன்னணியிலிருந்து குழு திரும்பிக்கொண்டிருக்கையில், தலைக்கு மேலே பீரங்கிக் குண்டொன்று வெடித்தது. தோட்டா சுமந்த மூவரும் மாய்ந்தனர். எடுத்துப் புதைப்பதற்கு அவர்தம் உடல்கூட எஞ்சவில்லை. ஹரியின் அடிவயிற்றிற் குண்டுச் சிதறல் பாய்ந்தது. மருத்துவரிடம் மயக்க மருந்து தீர்ந்துபோயிருந்தது. நால்வர் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, இரண்டங்குல நீளமான அவ்விரும்புத் துண்டு வெட்டியெடுக்கப்பட்டது. நினைவுப் பொருளாக வைத்துக்கொள்கிறாயா என்று மருத்துவர் கேட்டாராம். வேண்டாம் என்றார் ஹரி. நண்பர் மூவரும் இறந்த செய்தியைப் பின்னரே அறிந்தார்.

போர் ஓய்ந்தபோது அவர் இன்னும் உடல் தேறிக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் வாழ்க்கை பிற தொழிலாளர் வாழ்க்கை போன்றதே. 1919இல் திருமணம், இரு ஆண் மக்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடத்தில் நான்கு ஆண்டுகள் குழாய் வேலை. 1925இல் மன்னர் திறந்துவைத்த கோபுரம் அது. இரண்டாம் போரில் படைக்கு அழைக்கும் வயதை அவர் ஓராண்டால் தாண்டியிருந்தார். 1942 ஏப்ரிலில் பாத் நகர்மீது யேர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தபோது தீயணைப்போருள் ஒருவராய் நின்றார். பின்னர் சோமர்செற்றிலே ஸ்ரீற் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, அறுபத்தைந்து வயது வரை சொந்தமாகக் குழாய்த் தொழில் நடத்தினார்.

இத்தனை ஆண்டுகளிலும் போரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐம்பத்தேழு ஆண்டுகள் உடன் வாழ்ந்து 1976இல் மறைந்த மனைவியாரிடமும் சொல்லவில்லை. போர்ப் படங்களைப் பார்ப்பதில்லை. ஒருவர் வீட்டின் குழாயைத் திருத்த வந்த முதியவர் எதனைச் சுமந்துகொண்டு வந்தார் என்பதை அவ்வூரார் எங்ஙனம் அறிவர்? ஒழுகும் குழாய் அடைபட்டது, கூலி கொடுத்தனர், அவ்வளவே. என் எண்ணத்தில், அந்தத் தொழிலே அவரைக் காத்தது. கைக்கு வேலை இருக்கும்வரை மனத்தை ஒருவாறு கட்டிவைக்கலாம்.

முதுமையிற் கட்டு தளர்ந்தது. வெல்ஸ் நகரத்து முதியோர் இல்லத்தில் அவர் தங்கியிருந்தபோது, எதிரே துணிமணி வைக்கும் அறையின் விளக்கை இரவிலே யாரேனும் ஏற்றினால், அரைத் தூக்கத்தில் அவ்வொளி அவருக்குக் குண்டு வெடிப்பின் மின்னலாகவே தோன்றுமாம். 1998இல், தம் நூறாவது வயதில், பி.பி.சி. தொலைக்காட்சியினர் வந்து கேட்டபோதுதான் வாய் திறந்தார். எண்பது ஆண்டுகள் அடைத்துவைத்த சொல் அது.

அதன்பின் புகழ் அவரைத் தேடிவந்தது. பிரெஞ்சு அரசின் விருது, அரசவைக் கவிஞரின் பாடல், 2007இல் அவர் வரலாற்று நூல். இவற்றுள் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்றே: 2005இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. தாம் ஈயக் குழாய் பதித்த கட்டடத்தின் பெயரால் பள்ளியைப் பதினைந்தில் விட்ட தொழிலாளர் பட்டம் பெற்றார்.

பேசத் தொடங்கிய பின்னும் அவர் வீரக்கதை சொல்லவில்லை. போர் என்பது ஒழுங்குபடுத்திச் செய்யும் கொலை. எத்தனை பேர் மாண்டாலும் இறுதியில் மேசையைச் சுற்றி அமர்ந்தே பேசித் தீர்க்கின்றனர், அதனை முதலிலேயே செய்தாலென்ன என்று கேட்டார். நவம்பர் மாதத்திற் கொழும்பிலும் செம்மலர் சூடிப் போர்வீரரை நினைவுகூர்வதை நேயர்கள் அறிவர். அவ்விழா அவருக்கு வெறுங்காட்சியாகவே பட்டது. அவரது நினைவுநாள் செப்டெம்பர் 22. அன்று அவர் எவரோடும் பேசாது தனித்திருப்பது வழக்கம்.

2004இல் அவர் பெல்ஜியம் சென்று, எதிரணியில் நின்ற சாள்ஸ் குன்ற்ஸ் என்பவரைச் சந்தித்தார். இவருக்கு வயது 106, அவருக்கு 107. அவர் அல்சேஸ் நாட்டு விசுக்கோத்துப் பெட்டியொன்று கொணர்ந்தார். இவர் சோமர்செற் அப்பிள் மதுப் போத்தலொன்று கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

2009 யூலை 25ஆம் திகதி ஹரி பட்ச் காலமானார். தமக்கென்று அரச மரியாதை கூடாது என்பது முன்பே அவர் சொல்லிவைத்தது. இறுதிச் சடங்கில் துப்பாக்கியோ வாளோ, அலங்காரத்திற்கேனும், இருத்தலாகாது என்றும் விதித்திருந்தார். அவ்வண்ணமே பிரித்தானிய வீரர் பேழையைச் சுமக்க, பெல்ஜியம், பிரான்ஸ், யேர்மனி ஆகிய நாடுகளின் வீரர் இவ்விருவராக அருகே வெறுங்கையுடன் நடந்துவந்தனர். பேராலய வழிபாடு முடிந்தபின், பிறந்த ஊருக்கு அணித்தான மொங்ரன் கோம்ப் தேவாலய முற்றத்தில், கல் வேலை செய்த தந்தையாரும் தாயாரும் துயிலும் இடத்தருகே அவரை அடக்கம் செய்தனர். ஸ்ரீன்பேக் ஓடைக்கரையிலே, அவர் 1917இற் கடந்துபோன இடத்தில், ஒரு சிறு கல் நிற்கிறது. மாண்ட நண்பர்களை நினைந்து, தமது நூற்றுப்பத்தாவது வயதில், தாமே சென்று அவர் திறந்துவைத்த கல் அது.